அடி மேல் அடி வைத்தாலும் நகராத அம்மி

கத்திரி வெயிலில் தார்ச்சாலை இளகிப்போகிறது. மொட்டை மாடியில் காயவைத்த வற்றல் ஒரே நாளில் சலசலக்கிறது. அதே வெயில் ஊடுருவி வரும் காற்றில் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றுகூட உடைவதில்லை. இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு அவ்வளவு வலுவானது. 42 டிகிரி வெப்பத்தில் காற்று மூலக்கூறுகள் கொண்டிருக்கும் சராசரி இயக்க ஆற்றலைப்போல் நூறு மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் அது அறும். சூரிய ஒளி அந்தப் பிணைப்பை அறுக்கத்தான் செய்கிறது. ஆனால் 20, 30, 40 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே நடப்பது ஏன் இங்கே நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அப்படிப் புரிந்துவைத்திருந்ததால்தான் 1974இல் இரண்டு வேதியியலாளர்கள், ஓசோன் படலத்துக்கு நேரும், எவரும் பார்த்திராத ஒரு சேதத்தைத் தாளிலே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், கறுக்கும் என்பதைத் துணி காயவைப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதைச் சோதனையாகச் செய்து பார்த்தவர்களில் முன்னோடி சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. வெள்ளி குளோரைடு பூசிய தாளின்மீது முப்பட்டகம் பிரித்த வண்ணங்களை விழச் செய்தார். ஊதா விழுந்த இடம் மற்ற எல்லா இடங்களையும் முந்திக்கொண்டு கறுத்தது. 1777இல் வெளியான அவர் நூலில் இது பதிவாகியிருக்கிறது. 1801இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் ரிட்டர் அதே வெள்ளி குளோரைடை ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்தார். அங்கே இன்னும் வேகமாகக் கறுத்தது. புற ஊதா ஒளி இப்படித்தான், ஒரு மூலக்கூறு சிதைந்ததை வைத்து, உலகுக்குத் தெரியவந்தது.

இந்தக் கதையின் அச்சாணி என்று நான் கருதுவது 1817ஆம் ஆண்டை. இன்றைய லிதுவேனியாவில், ஒதுக்குப்புறமான பண்ணை வீடொன்றில் தியோடர் குரோட்டூஸ் என்பவர் தனியாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பதவி இல்லை; உடன் விவாதிக்க ஆள் இல்லை; உடல்நலமும் இல்லை. இரும்புச் சேர்மம் ஒன்றின் இரத்தச் சிவப்பான கரைசல் வெயிலில் வெளுப்பதைக் கவனித்த அவர், எந்த வண்ண ஒளி அதை அதிகம் வெளுக்கச் செய்கிறது என்று பார்த்தார். கரைசலின் நிறத்துக்கு எதிர் நிறமான ஒளிதான் வேலை செய்தது. சிவப்புக் கரைசல் சிவப்பு ஒளியைத் தன் ஊடே விட்டுவிடுகிறது. விட்டுவிட்ட ஒளி அதை ஒன்றும் செய்வதில்லை. எதை உறிஞ்சுகிறதோ அதுதான் அதை மாற்றுகிறது.

கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தக் காலத்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது போலும், எவரும் கண்டுகொள்ளவில்லை. குரோட்டூஸ் 37 வயதில் இறந்துபோனார். 1840களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் அதையே தனியாக மீண்டும் கண்டுபிடித்தார். இன்று இருவர் பெயரையும் சேர்த்து ஒளிவேதியியலின் முதல் விதி என்கிறோம். ஒரு மூலக்கூறுக்குள் நுழைந்து அப்படியே வெளியேறிவிடும் ஒளி, எவ்வளவு கொட்டினாலும், அந்த மூலக்கூறைப் பொறுத்தவரை இருட்டுக்குச் சமம். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் ஓசோன் கதை முழுவதும் பிடிபடும்.

இன்னொரு குடுவையும் நம்மோடு கடைசிவரை வரப்போகிறது. 1809இல் பாரிஸில் கே-லூசாக்கும் தெனாரும் ஹைட்ரஜன், குளோரின் வாயுக்களைக் கலந்து வைத்தார்கள். இருட்டில் வைத்தபோது கலவை சும்மா கிடந்தது. மெல்லிய வெளிச்சத்தில் மெல்ல மெல்ல வினை நடந்தது. நேரடி வெயிலில் வைத்ததும் வெடித்தது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஐரோப்பிய வேதியியலார் பலரையும் இந்தக் கலவை தூங்கவிடவில்லை. டிரேப்பர் இதை வைத்து ஒளியை அளக்கும் கருவி செய்தார். 1850களில் ஹைடல்பெர்க்கில் புன்சனும் ராஸ்கோவும் அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தி ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அளவுகள் துல்லியமாகிக்கொண்டே போயின. விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை. ஒளி என்பது அலை என்று மட்டும் நம்பிய காலத்தில் விளக்கம் கிடைத்திருக்கவும் முடியாது.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. அலைக் கொள்கையும் அதையேதான் சொல்லும்: மங்கலான ஒளியாக இருந்தாலும் நெடுநேரம் பட்டால் ஆற்றல் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பிணைப்பை அறுத்துவிட வேண்டும். மூலக்கூறு அப்படி நடந்துகொள்வதில்லை. ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். ஒரு மூலக்கூறு ஒரு பொட்டலத்தைத்தான் விழுங்கும் என்ற கணக்கை முதலில் யோஹன்னஸ் ஸ்டார்க் முன்வைத்தார். 1912இல் ஐன்ஸ்டைன் அதைத் தம் வழியில் நிறுவினார். யார் முதல் என்று இருவருக்கும் சச்சரவுகூட உண்டு. நமக்கு வேண்டியது கணக்கு. அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் ஆற்றல் கூடும். குளோரின் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 490 நானோமீட்டருக்குக் குறைவான ஒளி போதும். நீலமும் ஊதாவும் அதில் அடங்கும். ஆக்சிஜன் பிணைப்புக்கு 242 நானோமீட்டருக்குக் கீழே, ஆழ்ந்த புற ஊதாவுக்குப் போக வேண்டும். சிவப்பு விளக்கின் கீழ் குளோரினை ஆயுள் முழுக்க வைத்திருந்தாலும் அம்மி நகராது. சாதாரண ஒளியில் மூலக்கூறு ஒவ்வொரு அடியையும் தனியாகவே வாங்குகிறது. போதாத அடியை அடுத்த அடிக்காகச் சேமித்து வைக்க அதற்கு வழியில்லை.

ஒரு பொட்டலம், ஒரு மூலக்கூறு என்றால் கணக்கு நேராகத்தானே வர வேண்டும்? 1913இல் மாக்ஸ் போடன்ஸ்டைன் ஹைட்ரஜன்–குளோரின் கலவையை அளந்தபோது, உறிஞ்சப்பட்ட ஒரு பொட்டலத்துக்கு லட்சக்கணக்கான மூலக்கூறுகள் மாறியிருந்தன. அவர் அளவு சரி. அவர் சொன்ன காரணம் சரியில்லை. சரியான காரணத்தை 1918இல் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் சொன்னார். ஒளி செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு குளோரின் மூலக்கூறை இரண்டு தனி அணுக்களாகப் பிளக்கிறது. அந்த அணு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஒரு ஹைட்ரஜன் அணுவை விடுவிக்கிறது. அது இன்னொரு குளோரின் மூலக்கூறைத் தாக்கி மீண்டும் ஒரு குளோரின் அணுவை விடுவிக்கிறது. ஒளி போய்விட்டாலும் ஓட்டம் நிற்பதில்லை. ஒளியால் பிறந்த ஒற்றைக் குளோரின் அணு தொடங்கிவைத்த ஓட்டம் ஓயாமல் மூலக்கூறுகளை மாற்றிக்கொண்டே போகும் இந்த வித்தையை, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வானத்திலும் பார்க்கப்போகிறோம்.

உடைகிறது சரி, எப்படி உடைகிறது? இதற்கான படத்தை 1925இல் கோட்டிங்கனில் ஜேம்ஸ் ஃபிராங்க் வரைந்தார். அவர் எடுத்துக்கொண்டது அயோடின் ஆவி. அதன் ஊடே வெள்ளொளியைச் செலுத்தி நிறமாலையைப் பார்த்தால், உறிஞ்சப்பட்ட இடங்கள் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். குறைந்த அலைநீளத்தை நோக்கிப் போகப்போகப் பட்டைகள் நெருங்கி, 499 நானோமீட்டருக்கு அருகில் ஒன்றோடொன்று கலந்து, அதற்கப்பால் இடைவெளியில்லாத ஒரே நிழலாகிவிடும். பட்டைகள் உள்ளவரை மூலக்கூறு அதிர்ந்துகொண்டிருக்கிறது. நிழல் தொடங்கும் இடத்தில் அது பிரிந்துவிட்டது என்றார் ஃபிராங்க். ஒளி மூலக்கூறை முறிக்கும் புள்ளியை நிறமாலையிலேயே விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

அவர் தந்த விளக்கம் இன்னும் நிற்கிறது. ஒளியை விழுங்கும் கணத்தில் எலெக்ட்ரான் சட்டென்று வேறு நிலைக்குத் தாவுகிறது. அணுக்கருக்கள் கனமானவை, தாவல் முடிகிறவரை அவை இருந்த இடத்தைவிட்டு அசைய நேரமே இருப்பதில்லை. தாவல் முடிந்த பிறகோ, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த எலெக்ட்ரான் ஏற்பாடு மாறிப்போயிருக்கிறது. நேற்றுவரை பிணைப்பாக இருந்த இடத்தில் இப்போது விலக்கு விசை. அணுக்கள் விலகி ஓடுகின்றன. அமெரிக்காவின் எட்வர்ட் காண்டன் அடுத்த ஆண்டே இதற்குக் கணித வடிவம் தந்தார். 1933இல் யூதப் பேராசிரியர்களை நாஜி அரசு வெளியேற்றத் தொடங்கியபோது, தமக்கு விலக்கு இருந்தும் ஃபிராங்க் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவியை விட்டு விலகினார். அவரைப் பற்றி எழுதுகிறபோது இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

அணுக்கள் விலகி ஓடும் அந்த நேரத்தை அளந்து காட்டியவர் எகிப்தில் பிறந்த அகமது சுவைல். 1980களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில், அயோடின் சயனைடு மூலக்கூறு லேசர் ஒளியில் முறிவதை அவர் குழு நேரடியாகப் பின்தொடர்ந்தது. முழுப் பிரிவுக்கும் ஆன நேரம் சுமார் 200 ஃபெம்டோநொடி. ஒரு நொடியை ஐந்து லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. 1999இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுவைலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதே திசையில் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். போரின்போது கடற்படையில் ரேடார் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் போர்ட்டர், திரும்பி வந்து ரொனால்டு நாரிஷிடம் சேர்ந்தார். கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னல் ஒளியால் வாயுவை உடைப்பது, உடனே இரண்டாவது மின்னலால் அதைப் படம் பிடிப்பது என்ற முறையை 1949 வாக்கில் இருவரும் உருவாக்கினார்கள். ஒரு கண்ணிமைப்புக்குள் பிறந்து மறையும் துண்டுகளை முதன்முறையாகக் காண முடிந்தது. குளோரினையும் ஆக்சிஜனையும் கலந்து மின்னல் காட்டியபோது, குளோரின் மோனாக்சைடு என்ற அற்பாயுள் துண்டின் நிறமாலை போர்ட்டருக்குக் கிடைத்தது. அன்று அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் எவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிற மேசைகளில் இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. போர்ட்டருக்கு விடை வரப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது வானத்துக்கு வருவோம். தரையில் எடுக்கும் சூரிய நிறமாலை 300 நானோமீட்டருக்கு அருகில் கத்தி வைத்து நறுக்கியதுபோல் நின்றுவிடுகிறது. 1881இல் வால்டர் ஹார்ட்லி இதற்குக் காரணம் ஓசோன் என்றார். 1913இல் ஃபாப்ரியும் புயிசோனும் மார்செய் நகரில் அதன் அளவைக் கண்டார்கள். மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து விரித்தால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும் என்று இன்று அறிவோம். 1930இல் சிட்னி சாப்மன் அதன் பிறப்பையும் இறப்பையும் நான்கு வினைகளில் எழுதிக் காட்டினார். 242 நானோமீட்டருக்குக் குறைவான ஒளி ஆக்சிஜனைப் பிளக்கிறது. தனித்த அணு இன்னொரு ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. அந்த ஓசோனையும் ஒளியே பிளக்கிறது. சில அணுக்கள் ஓசோனோடு மோதி மறுபடி ஆக்சிஜன் ஆகின்றன. நம் தலைக்கு மேல் உள்ள கூரை, ஓட்டை விழாமல் நிற்கும் ஓலைக் கூரை போன்றதில்லை. நாள்தோறும் பிரிந்து நாள்தோறும் வேயப்படுவது. பிரிப்பதும் ஒளி, வேய்வதும் ஒளி.

அதை அளக்க ஆக்ஸ்ஃபோர்டின் கார்டன் டாப்சன் 1920களில் செய்த கருவி உலகெங்கும் போயிற்று. கொடைக்கானலிலும் 1957 முதல் ஒரு டாப்சன் கருவி ஓசோனை அளந்துவந்திருக்கிறது. கல்பாத்தியில் பிறந்து, கல்கத்தாவில் சி. வி. ராமனோடு பணியாற்றிய கே. ஆர். ராமநாதன், ஓசோன் ஆய்வில் உலகம் மதித்த பெயர். சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். ஏதேனும் ஆபத்து வரும் என்று நினைத்து அவர்கள் அளக்கவில்லை. அளந்து வைத்தார்கள்.

ஆபத்து நல்ல பெயரோடு வந்தது. 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் கூட்டாளிகளும் குளிர்பதனப் பெட்டிகளுக்காக உருவாக்கிய குளோரோஃபுளூரோகார்பன்கள் எரியாதவை, நஞ்சற்றவை, எதோடும் வினைபுரியாதவை. அதுவரை பெட்டிகளில் இருந்த அம்மோனியாவும் சல்பர் டை ஆக்சைடும் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1930இல் வேதியியலார் கூட்டமொன்றில் மிட்ஜ்லி இந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். உண்மையிலேயே அது உயிர்காத்த கண்டுபிடிப்பு. அதைச் செய்தவர்களைக் குற்றவாளிகள்போல் பேசுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் கப்பலில் அட்லாண்டிக் கடலின் வடக்கிலிருந்து தெற்குவரை போய், போன இடமெல்லாம் காற்றில் இந்த வாயு இருப்பதை அளந்தார். அதுவரை தயாரித்ததில் பெரும்பகுதி அழியாமல் காற்றிலேயே இருந்தது என்பதே அதன் பொருள். கலிஃபோர்னியாவின் எர்வைனில் ஷெர்வுட் ரோலண்டிடம் 1973இல் வந்து சேர்ந்த மெக்சிகோக்காரர் மரியோ மொலினா எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: எதிலும் அழியாத இந்த மூலக்கூறு கடைசியில் எங்கே போகிறது?

இங்கேதான் குரோட்டூஸின் வரி உயிர்பெறுகிறது. இந்த மூலக்கூறுகளில் கார்பனையும் குளோரினையும் இணைக்கும் பிணைப்பு அப்படியொன்றும் அசாத்திய வலுவுள்ளதில்லை. நம் வெயிலில் உள்ள 350 நானோமீட்டர் புற ஊதாவின் ஒரு பொட்டலத்தில் அதை அறுக்கப் போதுமான ஆற்றல் இருக்கிறது. ஆனால் அந்த ஒளியை இந்த மூலக்கூறு உறிஞ்சுவதில்லை. அதன் எலெக்ட்ரான்களுக்கு அந்த அளவுக்கான படிக்கட்டு கிடையாது. அது உறிஞ்சத் தொடங்குவது 230 நானோமீட்டருக்குக் கீழே. அந்த ஒளி தரைக்கு வருவதேயில்லை. அதனால் மூலக்கூறு மழையில் கரையாமல், எதோடும் சேராமல், பல பத்தாண்டுகள் அலைந்து அடுக்குமண்டலத்துக்கு ஏறுகிறது. அங்கே 190க்கும் 220க்கும் இடையில், ஆக்சிஜனும் அதிகம் பிடிக்காத, ஓசோனும் அதிகம் பிடிக்காத ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியாக வரும் ஒளியை 20 கிலோமீட்டருக்கு மேல் அது முதன்முறையாகச் சந்திக்கிறது. ஒரே அடி. குளோரின் அணு தனியே தெறிக்கிறது.

அதன்பின் நடப்பது நெர்ன்ஸ்ட் சொன்ன மாதிரியான ஓட்டம்தான். குளோரின் அணு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடு ஆகிறது. அது ஒரு தனி ஆக்சிஜன் அணுவைக் கண்டதும் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டு மறுபடி குளோரின் அணுவாகிறது. சிக்கி நிற்பதற்குள் ஓர் அணு ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும். மொலினாவும் ரோலண்டும் 1974 ஜூனில் இதை நேச்சர் இதழில் வெளியிட்டபோது வானில் எந்த ஓட்டையும் தெரியவில்லை. தொழில் நிறுவனங்கள் இது வெறும் கணக்கு என்றன. ஆம், கணக்குத்தான். ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் குடுவையிலோ நிறமாலையிலோ அளந்து பார்த்தது.

1985 மே மாதம், அண்டார்டிகாவின் ஹேலி விரிகுடாவில் டாப்சன் கருவியோடு காத்திருந்த பிரிட்டிஷ் குழுவின் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகியோர், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் சரிந்துகொண்டே வருவதை அறிவித்தார்கள். சரிவு எல்லோருடைய கணக்கையும் மிஞ்சியிருந்தது. ஏன் துருவத்தில், ஏன் வசந்தத்தில்? சூசன் சாலமன் வழிகாட்டினார். துருவ இரவின் கடுங்குளிரில் உருவாகும் மேகத் துகள்களின் பரப்பில், செயலற்றுக் கிடந்த குளோரின் சேர்மங்கள் மாறிச் சாதாரணக் குளோரின் வாயு சேர்ந்துகொண்டே போகிறது. இருட்டில் அது சும்மா கிடக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் சூரியன் தொடுவானத்துக்குத் திரும்புகிறது. குளோரினை உடைக்கத்தான் நீல ஒளியே போதுமே! 1809இல் பாரிஸில் வெயிலுக்குக் கொண்டுவந்த குடுவையில் ஒளி பிளந்த அதே மூலக்கூறு. இப்போது குடுவை ஒரு கண்டத்தின் வானம். அங்கே தனி ஆக்சிஜன் அணுக்கள் குறைவு என்பதால், இரண்டு குளோரின் மோனாக்சைடுகள் கைகோத்து, அந்த ஜோடியையும் ஒளியே பிரித்து ஓட்டத்தைத் தொடர வைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி.

1987இல் சிலியின் புன்டா அரினாஸிலிருந்து ஹார்வர்டின் ஜேம்ஸ் ஆண்டர்சன் குழுவின் கருவிகளோடு ஒரு விமானம் அந்தக் காற்றுக்குள் நுழைந்தது. தேடிப் போனது போர்ட்டர் மின்னல் ஒளியில் பிடித்த அதே குளோரின் மோனாக்சைடை. செப்டம்பர் 16ஆம் தேதிப் பறப்பில் குளோரின் மோனாக்சைடின் அளவு ஏறும் இடத்திலெல்லாம் ஓசோன் இறங்கியது, கண்ணாடிப் பிம்பம்போல. அதே நாளில் மான்ட்ரியலில் நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. விமானத்தின் அளவீடு கைக்கு வருவதற்கு முன்பே கையெழுத்து விழுந்தது என்பதுதான் நான் இதில் பெரிதாக மதிப்பது. ஓசோன் ஓட்டையை அவர்கள் கண்டிருந்தார்கள். காரணம் இன்னும் வழக்கில் இருந்தது. ஆனாலும் மூலக்கூறு எந்த ஒளியில் உடையும் என்ற பழைய அறிவை நம்பி முடிவெடுத்தார்கள். 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. இப்போதைய மதிப்பீட்டின்படி அண்டார்டிக் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும். ஏறிப்போன மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தத்தம் ஒளியைச் சந்தித்துத் தீர வேண்டும். அதை அவசரப்படுத்த வழியில்லை.

இதே வாயுக்களைப் பற்றி வேறொரு கோணத்தில் கேட்டவர் நம்மவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்பதனத் தொழிலில் வாயுக் கசிவைத் தடுக்கும் வேலை பார்த்த வீரபத்திரன் ராமநாதன், 1975இல் அவை பூமி வெளியிடும் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகின்றன என்று காட்டினார். அகச்சிவப்பின் பொட்டலம் பிணைப்பை அறுக்கப் போதாது. மூலக்கூறை அதிரவைத்துக் காற்றைச் சூடாக்கும். குளோரின் இல்லாத மாற்று வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

ஒப்புக்கொள்ளாதது ஒன்று பாக்கி. நைட்ரஸ் ஆக்சைடு. யூரியா இட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயு. மனிதர்கள் இன்று வெளியிடுபவற்றில் ஓசோனுக்கு அதிகத் தீங்கு செய்வது இதுதான் என்று 2009இல் ரவிசங்கராவும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. பயிருக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் இடுவது, வேம்பு பூசிய யூரியா என்று குறைக்கும் வழிகள் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டியைப்போல் வயலை ஓர் ஆணையால் மாற்றிவிட முடியாது என்பதும் உண்மை. இந்த வாயுவும் நம் வெயிலை உறிஞ்சுவதில்லை. அதுவும் மேலே ஏறி அதே சந்துக்காகக் காத்திருக்கிறது. அங்கே பெரும்பகுதி ஒளியால் உடைகிறது, ஒரு சிறு பங்கு ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. அதன் சராசரி ஆயுள் நூறு ஆண்டுக்கு மேல். இந்தப் பருவத்தில் வயலைவிட்டுக் கிளம்பும் மூலக்கூறுகளில் பல, தம்மை உடைக்கும் ஒளியை 22ஆம் நூற்றாண்டில்தான் சந்திக்கும்.